பழைய ஆங்கிலம் என்று நாம் படிப்பது எந்த ஊர்ப் பேச்சு?

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆங்கிலம் படிக்கிறேன். மொழி வரலாற்றுத் தாளில் பழைய ஆங்கிலத்துக்கு, அதாவது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்துக்கு, மொத்தமே ஐந்து வகுப்புகள்தான். வடக்கே நார்தம்பிரியா, நடுவே மெர்சியா, தென்கிழக்கே கென்ட், தெற்கே வெசெக்ஸ் என நான்கு நாடுகளின் வட்டார வழக்குகள் இருந்தன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராக வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒரு சொல் இடறுகிறது. 'குளிர்ந்த' என்பதற்கு வாய்ப்பாட்டில் இருப்பது ஏறத்தாழ 'ச்செஅல்ட்' என்று ஒலிக்கும் சொல். முதலெழுத்து ககரம் இல்லை, சகரம். அது காலப்போக்கில் மாறினாலும் 'ச்' என்றுதானே தொடங்கியிருக்க வேண்டும்? இன்றைய ஆங்கிலத்தில் 'கோல்ட்' என்கிறோம். அந்தக் ககரம் எங்கிருந்து வந்தது? வகுப்பில் கேட்டேன். தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி, தாழம்பூ. உங்கள் வாய்ப்பாட்டில் இருக்கும் சொல் இன்றைய 'கோல்ட்'டுக்கு நேர் மூதாதை இல்லை. அது மேற்கு சாக்சன் வடிவம், அதாவது தெற்கே வெசெக்ஸ் நாட்டுப் பேச்சு. மெர்சியாவிலும் நார்தம்பிரியாவிலும் 'கால்ட்' என்றார்கள். அங்கே ககரம் ககரமாகவே நின்றது. அதிலிருந்து வந்ததுதான் 'கோல்ட்'. 'ஓல்ட்' என்பதும் அப்படியே. வெசெக்ஸில் 'எஅல்ட்', வடக்கிலும் நடுநாட்டிலும் 'ஆல்ட்'. 'ஆல்ட்' தான் 'ஓல்ட்' ஆனது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுண்ணக்கல்லுக்கு 'ச்செஅல்க்' என்ற தெற்கு வடிவம் பிழைத்துக்கொண்டது. நாம் கரும்பலகையில் எழுதும் 'சாக்' அதுதான். ஒரே ஒலிமாற்றம், ஒரு சொல்லில் வடக்கு வென்றது, இன்னொரு சொல்லில் தெற்கு வென்றது.

அப்படியானால் இலக்கண நூல்கள் ஏன் வெசெக்ஸ் வடிவத்தைத் தருகின்றன? எழுத்தில் மிஞ்சியதில் பெரும்பகுதி வெசெக்ஸிலிருந்து வந்தது, அதனால்தான். 793-இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கினார்கள். 865-இல் பெரும்படையாகவே வந்து இறங்கினார்கள். யார்க் விழுந்தது, மெர்சியாவின் ரெப்டனில் 873-874 குளிர்காலத்தில் பாசறை போட்டுத் தங்கினார்கள். மடங்கள்தான் அன்றைய பள்ளிகள், நூலகங்கள், எழுத்துக்கூடங்கள். அவை அழிந்ததும் வடக்கின் எழுத்து மரபு தேய்ந்தது. வெசெக்ஸ் மட்டும் தாக்குப்பிடித்தது.

அங்கே ஆல்பிரட் (871 முதல் 899 வரை அரசர்) லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார், பெயர்க்கவும் வைத்தார். தான் அரசேற்றபோது தேம்ஸுக்குத் தெற்கே லத்தீனிலிருந்து ஒரு கடிதத்தை ஆங்கிலப்படுத்தத் தெரிந்த ஒருவரைக்கூட நினைவில்லை என்று ஒரு முன்னுரையில் வருந்தி எழுதியிருக்கிறார். அந்த முன்னுரையோடு வூஸ்டர் ஆயருக்கு அனுப்பிய படி இன்றும் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. அவருக்குத் துணை நின்ற பிளெக்மண்ட், வேர்பெர்த் இருவருமே மெர்சியாக்காரர்கள். வெசெக்ஸின் எழுத்துப் பணியே மெர்சியாவின் கல்வியைக் கடன் வாங்கித்தான் தொடங்கியது. மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிறகு பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வின்செஸ்டரில் ஆயர் ஏதெல்வோல்டின் பள்ளி தலையெடுத்தது. அங்கே உருவான எழுத்து வழக்கு வெசெக்ஸுக்கு வெளியேயும் பரவியது. நீங்கள் படிக்கும் வாய்ப்பாடு பெரும்பாலும் அந்தப் பள்ளியின் ஆங்கிலம்தான்.

டைன்கரை எழுதியது:

நான் வட இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கிறேன், பதினோரு ஆண்டாகிறது. மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் வேலை. இங்கே பாட்டிமார் பேரப்பிள்ளையை 'பேர்ன்' என்றுதான் சொல்வார்கள். முதல் வாரம் எனக்குப் புரியவே இல்லை. பிறகு ஒருநாள் கேட்மனின் பாடலைப் படித்தபோது அதே சொல் எழுந்து வந்தது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். விட்பி மடத்தில், ஹில்டா அம்மையார் தலைவியாக இருந்த காலத்தில், கேட்மன் என்ற மாடு மேய்ப்பவர். விருந்தில் யாழ் கைமாறி வரும்போது பாடத் தெரியாமல் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். அங்கே கனவில் ஒருவர் வந்து பாடச் சொல்ல, படைத்தவனைப் புகழ்ந்து பாடினார். பீட் என்ற துறவி 731-இல் முடித்த திருச்சபை வரலாற்றில் பாடலின் பொருளை லத்தீனில் மட்டும் தந்தார். ஆனால் அந்நூலின் மிகப் பழைய படிகளில் யாரோ நார்தம்பிரிய ஆங்கிலத்தில் அந்த ஒன்பது வரியையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு படி கேம்பிரிட்ஜில், இன்னொன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

அதில் 'மாந்தரின் மக்களுக்கு' என்ற இடத்தில் 'பார்னும்' என்று வருகிறது. வெசெக்ஸ் படியில் அதே சொல் 'பெஅர்னும்'. காவலனுக்கு வடக்கில் 'வார்ட்', தெற்கில் 'வெஅர்ட்'. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ஆல்ட், எஅல்ட் போலவே இருக்கிறது. வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலும் 'பார்ன்' உண்டு, அதனால் இன்றைய 'பேர்ன்' எதற்குக் கூடுதல் கடன்பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சொல்லை இங்கே ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

போன கோடையில் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தில் ரத்வெல் என்ற சிற்றூருக்குப் போனேன். அங்கே தேவாலயத்துக்குள் எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவை நிற்கிறது. கூரைக்கு அடங்காத உயரம் என்பதால் தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அதை உடைத்துப் போட்டார்கள். பின்னாளில் ஹென்றி டங்கன் என்ற அவ்வூர்ப் பாதிரியார் துண்டுகளைச் சேர்த்து 1823-இல் எழுப்பினார். ஒடுங்கிய இரு பக்கங்களிலும் கொடி படர்ந்து, பறவைகள் பழம் கொத்துகின்றன. அந்தக் கொடியின் ஓரமாகத்தான் ரூன் என்ற பழைய கீறல் எழுத்துகள். என் கண்ணுக்குப் பாதி தேய்ந்த கீறல்தான் தெரிந்தது. சர்ச் அலமாரியில் இருந்த தாளை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தேடினேன். சிலுவையே பேசுகிறது: வலிமைமிக்க அரசனை நான் தூக்கி நிறுத்தினேன், விண்ணகத் தலைவனை, குனிய எனக்குத் துணிவில்லை.

இதே கவிதையின் நீண்ட வடிவம் இத்தாலியில் வெர்செல்லி என்ற ஊரின் பேராலயச் சுவடியில் இருக்கிறது. அது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி, பெரும்பாலும் மேற்கு சாக்சன். 'குனிய' என்பதற்கு வெர்செல்லியில் 'ஹில்டன்', ரத்வெல் கல்லில் 'ஹேல்டா'. கடைசி னகரம் இல்லை! எச்ச வடிவத்தின் ஈற்று னகரத்தை வடக்கத்தியர் அப்போதே விட்டுவிட்டார்கள். அந்த வாயின் ஒலி கல்லில் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

மோனைப்பித்தன் எழுதியது:

டைன்கரை அக்கா, படிக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. நானும் செய்யுள் பக்கமாக ஒன்று சொல்கிறேன்.

இந்தக் கவிதைகளில் இயைபு கிடையாது. ஒவ்வொரு வரியும் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு அரைவரியாக நிற்கும், அரைவரிக்கு இரண்டு அழுத்தம். வெட்டின் இரு பக்கத்தையும் தைப்பது மோனை. எக்சிட்டர் சுவடி என்ற பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பில் புத்தகம் தின்னும் அந்துப்பூச்சியைப் பற்றி ஒரு விடுகதை இருக்கிறது. அதில் 'வியத்தகு விதி, அந்த அதிசயம்' என்று பொருள்படும் ஒரே வரியில் வ்ராட்லிகு, வ்யுர்ட், வுண்டோர் என்று மூன்று வகரம் அடுக்கி வரும். சொற்களை விழுங்கிய திருடன் அதனால் துளியும் அறிவாளியாகவில்லை என்று முடியும். செல்லரித்த ஏட்டைப் பார்த்திருக்கும் நமக்கு அது உடனே பிடிபடும்.

நம் யாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நமக்கு உயிர் மோனையில் இனம் உண்டு: அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகும். மெய்யில்தான் கண்டிப்பு. 'ஸ்ட' என்று தொடங்கினால் இன்னொரு 'ஸ்ட'தான் வேண்டும், வெறும் 'ஸ' போதாது. தொடர்பு எதுவும் கிடையாது, இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. ஆனால் மோனைக்குப் பழகிய காது இருப்பதால் நமக்கு அந்த வரிகளின் ஓட்டம் சீக்கிரம் பிடிபடுகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

உருவகத் தொடர்களையும் விட்டுவிடக் கூடாது. கடல் 'திமிங்கிலப் பாதை', உடல் 'எலும்பு வீடு', சூரியன் 'உலக விளக்கு'.

நடுகல் எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் 'இன்றைய ஆங்கிலம் மெர்சியாவின் பிள்ளை' என்று யாராவது இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்தத் தவறை நானே பல காலம் செய்திருக்கிறேன்.

ஆண் நரி 'ஃபாக்ஸ்'. பெண் நரி 'விக்ஸன்'. ஒரே குடும்பத்துச் சொற்கள், முதலெழுத்து மட்டும் வேறு. தெற்கே சொல் முதலில் வரும் 'ஃப்' ஒலியை 'வ்' என்று ஒலித்தார்கள். விக்ஸன் தெற்கிலிருந்து வந்தது, ஃபாக்ஸ் அப்படி வரவில்லை. 'மெர்ரி' என்ற சொல்லின் எகரம் கென்ட் பக்கத்து ஒலி. 'புதை' என்று பொருள்படும் சொல்லை எழுதும்போது யூ போடுகிறார்கள், வாசிக்கும்போது 'பெரி' என்கிறார்கள். எழுத்து மேற்கு, தெற்கு வழக்கு, ஒலி கென்ட் வழக்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டு வட்டாரம்! பிறகு 'அவன் பாடுகிறான்' என்பதற்கு வினையின் கடைசியில் வரும் 'ஸ்', அது வடக்கின் சொத்து. தெற்கில் 'எத்' என்றுதான் முடியும். 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற பிரதிப்பெயர் நார்ஸ். முட்டை, கத்தி, வானம், சன்னல், சட்டம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் நார்ஸ்தான். சன்னலுக்கு அவர்கள் சொன்னது 'காற்றுக் கண்'.

லண்டன் எல்லா ஊராரும் வந்து சேர்ந்த ஊர். கிழக்கு நடுநாட்டுப் பேச்சு அங்கே ஓங்கியது உண்மை, மெர்சியாவின் சாயல் அதில் பலமாக உண்டு என்பதும் உண்மை. ஆனால் கிழக்கு ஆங்கிலியாவிலிருந்து பழைய ஆங்கிலக் காலத்து நூல் என்று ஏறக்குறைய எதுவுமே கைக்கு வரவில்லை. நான்கு வழக்கு என்ற கணக்கே எழுத்தில் மிஞ்சியதை வைத்துப் போட்ட கணக்கு. பேசியவர்களை எண்ணியிருந்தால் நாற்பது வந்திருக்கும்.

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. 'பெரி' விஷயத்தை இன்று விடுதியில் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், நான்கைந்து வேற்றுமை என்று இவ்வளவு விகுதிகள் இருந்தன. அவையெல்லாம் 1066-இல் நார்மன்கள் வந்ததால் போயின என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. சரியா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அந்த வரியை அடித்துவிடுங்கள். நார்மன்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே வடக்கில் விகுதிகள் ஆட்டம் கண்டுவிட்டன. சாட்சி ஆல்ட்ரெட்.

லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடி உலகப் புகழ் பெற்றது. அதன் லத்தீன் வரிகளுக்கு நடுவே, பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டி, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் இருந்த ஆல்ட்ரெட் என்ற குரு சின்ன எழுத்தில் ஆங்கிலச் சொற்களை எழுதினார். பல இடங்களில் ஒரு லத்தீன் சொல்லுக்கு இரண்டு, மூன்று ஆங்கிலச் சொல் போட்டு, நடுவே 'அல்லது' என்ற குறி வைப்பார். எது பொருந்தும் என்று அவர் யோசித்தது பக்கத்திலேயே தெரிகிறது. அவருடைய எழுத்தில் நடுகல் சொன்ன அந்த 'ஸ்' விகுதி, 'த்' விகுதியோடு மாறி மாறி வருகிறது. பால் வேறுபாடும் தடுமாறுகிறது.

நார்ஸ் பேசியவர்களோடு ஒரே சந்தையில் பேசிப் பழகியதால் விகுதிகள் உதிர்ந்தன என்பது ஒரு கட்சி. முதல் அசையில் அழுத்தம் விழும் மொழியில் கடைசி அசை தானாகவே தேயும் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். வைக்கிங் குடியேற்றம் அடர்த்தியாக இருந்த பக்கங்களில் உதிர்வு முந்தி நடந்ததை வேறு எப்படி விளக்குவது?

நடுகல் எழுதியது:

முழுதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரத்வெல் கல்லில் ஈற்று னகரம் போனதை டைன்கரை காட்டினார். அந்தக் கல் எட்டாம் நூற்றாண்டு. வைக்கிங்குகள் குடியேறியது அதற்குப் பிறகு. தேய்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது, நார்ஸ் அதைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

1066-க்கு நல்ல சாட்சி பீட்டர்பரோ வரலாற்றுச் சுவடி. 1116-இல் அந்த மடம் தீப்பற்றியது. பழைய ஆண்டுக்குறிப்பை இரவல் வாங்கி 1121 வரைக்கும் திருத்தமான மேற்கு சாக்சனில் மறுபடி எழுதினார்கள். அதன்பின் நடப்பை அவர்களே எழுதத் தொடங்கினார்கள். அங்கேயே ஊர்ப் பேச்சு தலைகாட்டுகிறது. 1132 முதல் 1154 வரையான பகுதிக்கு வந்தால் வேற்றுமை விகுதிகள் பெரும்பாலும் போய்விட்டன. 'அவள்' என்பதற்குப் பழைய 'ஹேயோ' இல்லை, 'ஷே' என்று வருகிறது. அரசர் ஸ்டீபன் ஆட்சியின் கொடுமையைச் சொல்லும் 1137-ஆம் ஆண்டுக் குறிப்பில், கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்று மக்கள் வெளிப்படையாகச் சொன்னதாக எழுதியிருக்கிறது.

நார்மன் வரவால் மாறியது என்னவென்றால், வின்செஸ்டர் எழுத்தைக் காப்பாற்ற ஆளில்லாமல் போனது. பேச்சு எப்போதோ மாறிவிட்டது. இந்தச் சுவடியில் அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆங்கிலம் படிக்கும் ஒவ்வொருவரும் 1132-க்கு முன்னும் பின்னும் எழுதிய அந்த இரண்டு எழுத்தர்களின் பக்கங்களையும் அருகருகே வைத்து ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ரத்வெல் பற்றிய உங்கள் வாதம் வலுவானது. என் வரிசையை மாற்றிக்கொள்கிறேன்.

வரப்புமேடு எழுதியது:

மொழியியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பண்பாடு என்று வந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏல்ப்ரிக் என்ற துறவி, மடத்துப் பையன்கள் லத்தீன் பேசிப் பழக ஓர் உரையாடல் எழுதினார். அதன் ஒரு படியில் வரிகளுக்கு மேலே ஆங்கிலச் சொற்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பையனும் ஒரு தொழிலாளியாக நடிப்பான். உழவனாக வருபவன் சொல்கிறான்: விடியலில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன். எவ்வளவு குளிரானாலும் வீட்டில் ஒதுங்க முடியாது, எசமானுக்குப் பயம். ஒரு நாளைக்கு ஒரு முழு ஏக்கராவது உழுதாக வேண்டும். கூட ஆள் இருக்கிறானா என்று கேட்டால், தார்க்குச்சியால் மாட்டை ஓட்ட ஒரு பையன் இருக்கிறான், குளிரிலும் கத்திக் கத்தியும் அவன் தொண்டை கட்டிவிட்டது என்கிறான். இவ்வளவு பாடா என்றால், 'ஆமாம், பெரும்பாடுதான், நான் சுதந்திரமானவன் இல்லையே' என்று பதில்.

என் அப்பா ஏர் ஓட்டியவர். விடியற்காலையில் மாட்டை அதட்டி அதட்டி அவர் குரல் கம்மிப்போவதைக் கேட்டு வளர்ந்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பையனின் கட்டிய தொண்டையை ஒரு துறவி கவனித்து எழுதியிருக்கிறார். அரசர்களைப் பற்றி எத்தனை பக்கம் இருந்தாலும் எனக்கு இதுதான் பெரிது.

டைன்கரை எழுதியது:

வரப்புமேடு அண்ணா, அப்படியே சட்டப் பக்கமும் பாருங்கள். கென்ட் அரசர் ஏதெல்பெர்ட்டின் சட்டம் 600-ஐ ஒட்டி எழுதப்பட்டது, ஆங்கிலத்தில் எழுந்த முதல் நூலாகவே கருதப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ராச்செஸ்டரில் எழுதிய ஒரே ஒரு படியால் பிழைத்தது. கட்டை விரலை வெட்டினால் 20 ஷில்லிங், அதன் நகத்துக்கு 3, மோதிர விரலுக்கு 6, சுண்டு விரலுக்கு 11. மோதிர விரலை அதில் 'பொன் விரல்' என்கிறார்கள்.

அந்தச் சட்டத்திலேயே குடியானவனை அண்டிப் பிழைப்பவனுக்கு 'ரொட்டி உண்பவன்' என்று பெயர். அவனைக் கொன்றால் 6 ஷில்லிங். 'லார்ட்' என்ற சொல்லைப் பிரித்தால் 'ரொட்டிக் காவலன்'. 'லேடி' என்றால் ரொட்டி மாவு பிசைபவள். ரத்வெல் கல்லில் விண்ணகத் தலைவனைக் குறிப்பது 'ஹ்லாபர்ட்', அதே ரொட்டிக் காவலன்தான். சோறு போடுபவனைச் சுற்றித்தான் அவர்கள் சமூகமே இருந்திருக்கிறது.

மோனைப்பித்தன் எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. 'ஆங்கிலோ-சாக்சன்' என்ற பெயரையே இப்போது தவிர்க்கிறார்களாமே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆய்வாளர்களிடையே பெரிய விவாதம் நடந்தது. ஆங்கிலோ-சாக்சன் ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வாக்கெடுத்துப் பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. இனவெறியர்கள், குறிப்பாக அமெரிக்காவில், அதை வெள்ளை இனப் பெருமைக்குப் பயன்படுத்தி வந்ததே முக்கியக் காரணம். எதிர்த்தவர்கள், ஆல்பிரட்டின் சாசனங்களிலேயே 'ஆங்கில-சாக்சன்களின் அரசர்' என்ற பட்டம் உண்டே என்றார்கள். அதுவும் உண்மை. பேசியவர்கள் தங்கள் மொழியை 'எங்லிஷ்' என்றுதான் அழைத்தார்கள். நான் மொழிக்குப் பழைய ஆங்கிலம் என்றே எழுதுகிறேன்.

தாழம்பூ எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வாய்ப்பாட்டுப் பக்கத்தில் 'எஅல்ட்' பக்கத்தில் 'ஆல்ட்', 'ச்செஅல்ட்' பக்கத்தில் 'கால்ட்' என்று பென்சிலால் எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று: அடுத்த வாரம் தேர்வு. அதில் எதை எழுதுவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

தேர்வில் வெசெக்ஸ் வடிவத்தையே எழுதுங்கள், திருத்துபவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். இடம் இருந்தால் ஓரத்தில் வடக்கு வடிவத்தையும் போட்டு 'அல்லது' என்று குறி வையுங்கள். ஆல்ட்ரெட் செய்ததுதானே.